சின்ன கூரியர் கடை, நிலையில்லாத காலம்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து கேள்வி பதில்

கோட்டையூரில் 2014இலிருந்து ஒரு சின்ன கூரியர் கடை வைத்திருக்கிறேன். புக்கிங் மேசையில் நானும் என் மனைவியும், டெலிவரிக்கு இரண்டு தம்பிகள். மாதத்துக்கு ஒருவராவது "அண்ணே, நானும் ஒரு பிரான்சைஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்று வந்து நிற்கிறார். பிரான்சைஸ் என்றால் பெரிய கூரியர் கம்பெனியின் பெயரில் நாம் கடை நடத்திக் கமிஷன் வாங்குவது. டீ வாங்கிக் கொடுத்து அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மாளவில்லை. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காலம் சரியில்லை என்கிறார்கள். இப்போது போய்க் கூரியர் கடை ஆரம்பிக்கலாமா?

காலம் சரியாக இருந்த வருடம் எது என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். கடை கொஞ்சம் கால் ஊன்றிய நேரத்தில் 2016 நவம்பர் 8 வந்தது. மறுநாள் காலையில் மேசைக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் 500 ரூபாய் நோட்டுதான், வாங்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் மனசு வராது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, அதுவரை 15 சதவீதமாக இருந்த சேவை வரி 18 ஆனது, 3 ரூபாய் கூடியதற்கு என்னைத் திட்டியவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2021இல் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. 2025இல் அமெரிக்கக் குளறுபடி, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இந்த ஊர்ப் பெரியவர்களிடம் புலம்பினால் 1942இல் பர்மாவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே வந்தவர்கள் கதையை எடுப்பார்கள், அதற்கு முன்னால் நம்முடையது வெறும் தலைவலி.

ஆகவே காலத்தை விடுங்கள். ஆறு மாதம் கடையிலிருந்து ஒரு ரூபாய் வீட்டுக்கு வராவிட்டாலும் அடுப்பு எரியுமா, வாடகையும் தம்பிகள் சம்பளமும் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் ஆரம்பியுங்கள். "முதல் மாசத்திலேருந்து வந்துரும்ணே" என்பவர்களை நான் டீயோடு அனுப்பிவிடுவேன்.

எவ்வளவு முதல் போட வேண்டும்?

கம்பெனிக்குக் கம்பெனி டெபாசிட் மாறும், அதனால் ஒரு தொகையைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. ஆனால் டெபாசிட்டை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் சறுக்குகிறது. எடைத் தராசு, லேபிள் பிரிண்டர், கேமரா, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் ஓட ஒரு இன்வெர்ட்டர், அட்டைப்பெட்டி, டேப், கடை முன்பணம் என்று நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலே வாலட் பணம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது பல கம்பெனிகளில் நீங்கள் முன்கூட்டியே காசு ஏற்றி வைத்திருந்தால்தான் டாக்கெட்டே, அதாவது பார்சலுக்கான புக்கிங் சீட்டே, அடிக்கும். தீபாவளி நேரத்தில் வாலட் காலியாகி, மேசை முன்னால் பத்துப் பேர் நிற்க, நான் மச்சானுக்குப் போன் போட்ட நாள் உண்டு.

கடன் வாங்குவதானால் முத்ரா என்ற அரசுக் கடன் திட்டம் இருக்கிறது, அடமானம் இல்லாமல் கொடுப்பது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை. இந்தத் தொழிலுக்கு அதற்கு மேலே போகாதீர்கள். வண்டி வாங்க வேண்டுமென்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதுவரை பழைய வண்டியை ஓட்டியது எனக்கு லாபமாகப் போயிற்று. புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, அப்போது கையில் காசு இல்லை.

செட்டிநாட்டில் அப்படி என்னதான் அனுப்புகிறார்கள்?

பெரிய கேள்வி. நகரத்துக் கூரியர்க் கடையையும் நம் கடையையும் ஒன்றாகப் பார்த்தால் புரியாது. இங்கே தொழிற்சாலை குறைவு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்னையில் ஒரு பிள்ளை, சிங்கப்பூரில் ஒரு பிள்ளை, கோலாலம்பூரில் சித்தப்பா என்று ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். நம் தொழிலே அந்தச் சிதறலில்தான் நடக்கிறது.

முதலாவது, பலகாரம். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை, அதிரசம். இரண்டாவது, கல்யாணப் பத்திரிகை. வாட்ஸப் வந்ததும் இது செத்துவிடும் என்று நினைத்தேன், பாதிதான் செத்தது. முக்கியமான உறவுக்குப் பத்திரிகை கையில் போய்ச் சேராவிட்டால் கோபம் மூன்று தலைமுறைக்கு நிற்கும், அதனால் இன்னும் ஒரே விசேஷத்துக்கு நூறு நூற்றைம்பது கவர் வருகிறது. மூன்றாவது கண்டாங்கிச் சேலை. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் பற்றி நெசவாளர்கள் கூடுதலாகப் பேசுவதைக் கேட்கிறேன். கூரியர்காரனுக்குச் சேலையைப் போல நல்ல சரக்கு கிடையாது, மடித்தால் தட்டை, உடையாது, ஒழுகாது, கெடாது.

நான்காவதை வெளியூர்க்காரர்கள் யாரும் ஊகிக்க மாட்டார்கள். பத்திரம். ஒரு வீட்டுக்கு இருபது இருபத்தைந்து பங்காளிகள் இருப்பார்கள். வீட்டைப் பாகம் பிரிக்கவோ விற்கவோ மராமத்துப் பார்க்கவோ ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பவர் பத்திரம் போகும், வரும், ஒருவர் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று மறுபடி போகும். ஊரில் பண நெருக்கடி வந்தால் பலகாரம் குறையும், சேலை குறையும், பத்திரம் மட்டும் கூடும். ஏனென்றால் அப்போதுதான் சொத்தை விற்க நினைக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை, ஆனால் என் ஆடி மாத வாடகையைப் பல தடவை அதுதான் கொடுத்திருக்கிறது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றியும் கேட்பார்கள். மொத்தச் சரக்கு லாரி ஆபீஸுக்குப் போக வேண்டியது, நம்மிடம் வருவது மாதிரிக் கற்கள்தான். கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுப்பது, மேல்பக்கப் பளபளப்புத்தான் அதன் உயிர். இரண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் மெல்லிய ஃபோம் போட்டு, சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்கு அடைத்துக் கட்டினால் பெங்களூரு வரை முழுசாகப் போகும். "கல்லுதானே, உடையாது" என்று பேப்பர் சுற்றிக் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை.

பலகாரப் பார்சலுக்குக் கட்டணம் சொன்னால் சண்டைக்கு வருகிறார்களே?

வருவார்கள். தராசு 4 கிலோ காட்டும்போது நீங்கள் ஏழரைக் கிலோவுக்குக் காசு கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கொள்ளளவு எடை என்பதை விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும், விமானத்தில் போகும் சரக்குக்கு வழக்கமான கணக்கு அது. தரைவழிக்குச் சில கம்பெனிகள் வேறு எண்ணால் வகுக்கும், உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அப்படி வருவதிலும் தராசு காட்டுவதிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

போன தீபாவளிக்கு முன்னால் ஓர் ஆச்சி ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். 40க்கு 30க்கு 30. பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2, அரைக்கிலோவுக்கு ஏற்றினால் ஏழரை. "தம்பி, நான் அனுப்புறது பலகாரம், நீ காத்துக்கும் சேத்துல்ல காசு கேக்குற" என்றார். உண்மைதான், அவர் காற்றைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தோம். தேன்குழல் முழுசு முழுசாக அடுக்கியிருந்தது, நடுவில் எல்லாம் ஓட்டை. மணகோலத்தையும் மாவுருண்டையையும் சின்னக் கவர்களாகப் பிரித்து அந்த ஓட்டைகளில் சொருகினோம், 35க்கு 25க்கு 20 பெட்டிக்குள் எல்லாம் அடங்கியது. கொள்ளளவு மூன்றரை, தராசு 4. நாலு கிலோவுக்குப் பில் போட்டேன். எனக்குக் கமிஷன் பாதியாகக் குறைந்தது, ஆனால் அவர் அந்தத் தெருவில் இன்னும் ஆறு வீட்டைக் கூட்டி வந்தார்.

மிச்ச இடைவெளிக்கு அந்த ஆச்சிதான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பொரியைக் கவரில் கட்டி இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிடுவது. கனமே இல்லை, முறுக்கு நொறுங்காது, போய்ச் சேர்ந்ததும் சாப்பிட்டும் விடலாம். பபுள் ஷீட் விற்கிறவர் என்னை மன்னிக்கட்டும்.

ஊறுகாய், நெய், எண்ணெய் எதுவும் கொண்டுவந்தால் முகத்தைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பாட்டில் ஒழுகினால் அந்தப் பையில் இருக்கும் முப்பது கவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் புக்கிங் லாபமா, வம்பா?

லாபம்தான், ஆனால் நம் கையில் இல்லாத காரணங்களுக்காக ஒரே வாரத்தில் நின்றுபோகும். 2025இல் பார்த்தோமே. அதுவரை 800 டாலர் மதிப்புக்குள் இருந்த பார்சல் அமெரிக்காவுக்குச் சுங்கவரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சலுகையை அவர்கள் ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் நம் தபால்துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் திரும்ப ஆரம்பித்தது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், பலகாரம் போக வேண்டிய வாரங்கள் முழுக்கப் போயிற்று. தனியார் வழியாக அனுப்ப முடிந்தது, ஆனால் அந்தப் பக்கம் வரி எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தெரியாததை நான் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி புக் பண்ணவில்லை. என் நண்பர் ஒருவர் சொன்னார், நாலு பார்சலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரி கட்டமாட்டோம் என்று விட்டுவிட, அவர் இந்தப் பக்கத்துத் தாய்மார்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

நம் பக்கத்துக்கு நல்ல விஷயம், சிங்கப்பூர், மலேசியாதான் பெரிய போக்குவரத்து. அங்கே உங்களுக்குப் போட்டி வேறு கூரியர் இல்லை, திருச்சியில் விமானம் ஏறும் சொந்தக்காரர். "மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை போறான், அவன்கிட்டயே குடுத்துடலாம்" என்பார்கள். அவரோடு விலையில் மோதவே முடியாது.

அனுப்புகிறவரின் அடையாளச் சான்று நகல் இல்லாமல் ஒரு வெளிநாட்டுப் பார்சலும் எடுக்காதீர்கள். எத்தனை வருடப் பழக்கமானாலும் சரி.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்களே?

காரைக்குடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அந்தத் தெருவில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையோ மரப்பெட்டியையோ எனாமல் தூக்கையோ வாங்கிவிட்டு நேராக நம்மிடம் வருவார்கள். உள்நாட்டுக்குள் என்றால் நன்றாகக் கட்டி அனுப்புங்கள். வெளிநாடு என்றால் நிறுத்துங்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, கையெழுத்துப் பிரதி, ஏடு என்றால் 75 வருடம்தான் கணக்கு. பொருள் அவ்வளவு பழையதல்ல என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்கி வரச் சொல்லுங்கள். கடைக்காரர் "புதுசுதான், பழசு மாதிரி பண்ணது" என்று வாயால் சொல்வது சுங்கத்தில் செல்லாது.

ஆடி மாதத்தை எப்படி ஓட்டுவது?

ஆடியில் கல்யாணம் இல்லை, பத்திரிகை இல்லை. மார்கழியும் அப்படித்தான். இதைப் பொருளாதார மந்தம் என்று நினைத்துப் பயந்து கட்டணத்தைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைத்தால் ஆவணியில் ஏற்ற முடியாது. என் வழி, வைகாசி, ஆவணி, ஐப்பசி, தை மாத வரவில் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து ஆடிக்கும் மார்கழிக்கும் சம்பளம் கொடுப்பது. தம்பிகளுக்கு ஊருக்குப் போக லீவு வேண்டுமென்றால் அப்போதுதான்.

தெரிந்த கடைக்காரர்கள் கடனுக்குப் புக்கிங் கேட்கிறார்கள். தரலாமா?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

2019இல் ஒரு ஜவுளிக்கடை மாதம் 28,000 ரூபாய் அளவுக்குப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊரும் பேரும் வேண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒரே கடையில் அவ்வளவு வியாபாரம். மாதக் கடைசியில் பில், அடுத்த மாதம் காசு என்று பேச்சு. முதலில் வந்தது. அப்புறம் பத்து நாள் தள்ளியது, அப்புறம் ஒரு மாதம். நானோ கம்பெனிக்கு வாராவாரம் கட்ட வேண்டும். அவர் பார்சலுக்கு என் கைக்காசைப் போட்டு, வீட்டு நகையை வைத்துக் கட்டிக்கொண்டு, வெளியே "பெரிய கிளையண்ட்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 84,000 ரூபாய் நின்றது. அந்த 84,000இல் எனக்குக் கமிஷன் என்று நிற்கக்கூடியது 20,000கூட இல்லை, மிச்சமெல்லாம் நான் கம்பெனிக்குக் கட்டிவிட்ட காசு. ஒன்றரை வருடத்தில் சிறுகச் சிறுக ஐம்பதைத் தேற்றினேன். மிச்சம் வரவில்லை, வராது.

எங்கள் தெருவில் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார், பெரிய வீட்டு வரவு செலவு பார்த்தவர். என் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐந்தொகை போட்டியா?" என்று கேட்டார். போட்டதில்லை என்றேன். உட்கார வைத்துப் போடச் சொன்னார். வர வேண்டியது ஒரு பக்கம், கொடுக்க வேண்டியது ஒரு பக்கம், கையிருப்பு தனியாக. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, ஐந்து மாதமாக நான் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், பார்சல் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அன்றிலிருந்து மாதம் முதல் தேதி ஐந்தொகை போடாமல் கடையைத் திறப்பதில்லை.

இப்போது என் வழக்கம் இதுதான். கடன் கேட்டால் முன்பணம் கேட்பேன். மாதம் 10,000 ரூபாய்க்குப் பார்சல் கொடுப்பவர் 10,000 ரூபாயை முதலில் வைக்கட்டும், அது தீரும்போது அடுத்தது. பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும், அந்தப் பாதிதான் உங்களை மூழ்கடிக்க இருந்த பாதி.

கடன் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்பே உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்துவிடுங்கள், அரசு இணையதளத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகாதீர்கள். 2006ஆம் வருடச் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு வாங்குகிறவர் 15 நாளில் காசு தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். அதைவிட வேலை செய்வது வருமான வரி விதி: கெடுவுக்குள் தராத தொகையை அவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருடத்தில்தான் காட்டலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டேன். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே எனக்குப் போன் போட்டு "உங்க பாக்கி எவ்வளவு சார்?" என்று கேட்கிறார். சார் என்று முதல் தடவையாக.

ஆன்லைன் ஷாப்பிங் டெலிவரியை எடுத்துச் செய்யலாமா?

ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். நகரத்துக்கு அது சரி, ஒரே அபார்ட்மெண்டில் பதினைந்து கொடுத்துவிட்டு வரலாம். நம் பக்கம் பள்ளத்தூரில் இரண்டு, கானாடுகாத்தானில் மூன்று, நேமத்தான்பட்டியில் ஒன்று என்று இருக்கும். கையில் காசு வாங்கும் டெலிவரி என்றால் சாயங்காலம் அந்தக் காசை எண்ணிக் கட்டும் பொறுப்பு வேறு, ஒரு 500 ரூபாய் குறைந்தால் உங்கள் பையிலிருந்துதான். தம்பிகள் சும்மா இருக்கும் நேரத்தை நிரப்ப அளவாக எடுங்கள். அதை நம்பிக் கடை வைக்காதீர்கள், அவர்கள் ரேட்டை ஒரு மெயிலில் குறைத்துவிடுவார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள்.

பெட்ரோல் செலவை எப்படி அடக்குவது?

ஒரு வண்டி நாளைக்கு 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 என்று வைத்தால், லிட்டர் 101 ரூபாய் கணக்கில் 135 ரூபாய். அதே 60 கிலோமீட்டரில் 30 டெலிவரி நடந்தால் ஒன்றுக்கு நாலரை ரூபாய், 12தான் நடந்தால் பதினொன்றேகால். விலை 3 ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தூரத்து ஊர்களுக்குத் தினமும் போகாமல் ஒன்றுவிட்ட ஒரு நாள் என்று வைத்தேன். அவசரம் என்று எழுதியிருப்பதும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் "இன்னைக்குக் கானாடுகாத்தான் நாளா?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முகவரி பிரச்சினைதான் பெரிய பிரச்சினை என்கிறார்களே?

ஆமாம். வெளியூரிலிருந்து வருகிற புதுப் பையன் முதல் வாரத்தில் அழுதுவிடுவான். வீட்டு எண் இருக்காது, விலாசம் என்று குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்து மூன்று இருக்கும். அதே மூன்றெழுத்தில் பங்காளி வீடு அடுத்த தெருவிலும் இருக்கும். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்று அரைமணி நேரம் கதவைத் தட்டிவிட்டுப் "பூட்டியிருக்கிறது" என்று பார்சலைத் திருப்பிக் கொண்டுவருவான். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டு இருந்திருப்பார், அடுத்த தெருவுக்குப் போய்ப் பின்வாசலில் ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்.

எங்களிடம் ஒரு நீல நோட்டு இருக்கிறது. எந்த வீடு, எந்த வாசல் திறக்கும், யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் போன் எண், நாய் உண்டா. கடையில் விலைமதிப்புள்ள சொத்து எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தபால்துறை 2025இல் டிஜிபின் என்று கொண்டுவந்திருக்கிறது, பத்து எழுத்தில் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்தையே சொல்லிவிடும். நல்ல விஷயம்தான், ஆனால் எந்த வாசல் திறக்கும் என்று அதற்குத் தெரியாது.

பின்கோடையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நம் கொத்தமங்கலமும் கேரளத்துக் கோதமங்கலமும் ஒரே ஸ்பெல்லிங். 63இல் ஆரம்பித்தால் நம்முடையது, 68 என்றால் கேரளா. ஒரு சீர்வரிசைப் புடவை மலையேறிப் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது, நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது.

வரி, பேப்பர் விஷயங்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கூரியர் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பிரான்சைஸில் பெரும்பாலும் பில் கம்பெனி பெயரில் போகும், உங்களுக்கு வருவது கமிஷன். உங்கள் வரவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கமிஷனில் 2 சதவீதம் பிடித்திருப்பார்கள், நீங்கள் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவென்றால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமல் விட்டு அந்தக் காசைத் தொலைக்கிறவர்கள் நிறைய. சரக்கின் மதிப்பு வெளிமாநிலத்துக்கு 50,000க்கு மேலே, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலே என்றால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி இணையச் சீட்டு, கேட்டு வாங்குங்கள்.

தபால் ஆபீஸ் நமக்குப் போட்டியா?

எனக்கு அப்படித் தோன்றியதில்லை. 1898ஆம் வருடச் சட்டப்படி கடிதம் கொண்டுபோகும் உரிமையே தபால்துறைக்குத்தான் இருந்தது, நாமெல்லாம் "டாக்குமெண்ட்" என்று பெயர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வருகிறவரை நானே தபால் ஆபீஸுக்குத்தான் அனுப்புவேன், நீதிமன்றத்தில் அந்த ரசீதுக்கு மதிப்பு அதிகம். அவரே அடுத்த வாரம் பலகாரப் பெட்டியோடு என்னிடம் வருவார்.

ஆட்கள் நிற்பதில்லையே?

சம்பளம் முதல் தேதி, தவறாமல். அதில் மட்டும் காலம் சரியில்லை என்ற பேச்சு கூடாது. அப்புறம், தம்பிகள் நாள் முழுக்க ரோட்டில் இருக்கிறார்கள். வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 2 லட்சம் வரை கவர். இருவருக்கும் நானே கட்டுகிறேன், நாற்பது ரூபாய். ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுத்தால் அன்றைக்கு டெலிவரி இல்லை, புக்கிங் மேசைதான். அந்தத் தண்டனை நன்றாக வேலை செய்கிறது, மேசையில் என் மனைவி இருப்பார்.

"உங்கள் பார்சலில் போதைப்பொருள்" என்று போன் வருவதாக வாடிக்கையாளர்கள் பதறி வருகிறார்கள். என்ன சொல்வது?

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். கூரியர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி, போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் வந்து காசு பிடுங்குகிற கூட்டம் அது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. காசு போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930க்குப் போன் போடச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள் அதிகம், பிள்ளைகள் வெளிநாட்டில், பார்சல் என்ற சொல்லே அவர்களுக்கு நெஞ்சைப் பிடிக்கும் சொல். ஒரு அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதிப் புக்கிங் மேசைமேல் ஒட்டியிருக்கிறேன்.

பார்சல் தொலைந்துபோனால்?

மறைக்காதீர்கள். தொலைந்தது தெரிந்த அன்றைக்கே நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் கம்பெனி தரும் நஷ்டஈட்டு வரம்பு இருக்கும், அது சொற்பம், அதைப் புக்கிங் நேரத்திலேயே வாயால் படித்துக் காட்டிவிட்டு, விலையுயர்ந்த பொருள் என்றால் மதிப்பை எழுதி வாங்கிக் காப்பீடு போடச் சொல்லுங்கள். நகையும் பணமும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கண்டாங்கிச் சேலை எங்கேயோ ஹப்பில், பார்சல் பிரிக்கும் இடத்தில், மாயமாயிற்று. கம்பெனி தந்தது சேலை விலையில் கால்வாசிகூட இல்லை. மிச்சத்தை நான் போட்டு, நெய்தவரிடமே போய் அதே கட்டத்தில் இன்னொன்று வாங்கி அனுப்பினேன். கலர் கொஞ்சம் மாறிவிட்டது என்று அந்த அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், பார்சல் மட்டும் என்னிடமே கொடுக்கிறார்.